கசிந்த வாயு எவ்வளவு தூரம் போகும்? – வாசகர் கேள்வி பதில்

ரசாயன ஆலையில் ஆபத்தான வாயு ஒன்று கசிந்தால் அது எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எந்தச் செறிவில் பரவும் என்பதைக் கணினி மாதிரிகள் மூலம் முன்கூட்டியே கணக்கிடும் முறை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் பணிபுரியும் ஆலையின் குளோரின் டேங்க் குறித்து இரண்டு ஆய்வறிக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் ஆபத்து வட்டத்தின் ஆரம் 600 மீட்டர்; மற்றதில் 2.5 கிலோமீட்டர். இரண்டுமே ஒரே மென்பொருளில் செய்யப்பட்டவை. எதை நம்புவது? (ஆலைப் பாதுகாப்புப் பிரிவு ஊழியர் ஒருவர்)

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். வட்டத்தின் ஆரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த வட்டக் கோடு எந்தச் செறிவைக் குறிக்கிறது என்று பாருங்கள். அவசரகாலத் திட்டங்களில் பரவலாகப் பயன்படும் வரம்புகளின்படி, ஒரு மணி நேரம் சுவாசித்தால் உயிருக்கு ஆபத்து தொடங்கும் குளோரின் செறிவு 20 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு); நீடித்த பாதிப்போ, தப்பிச் செல்ல முடியாத நிலையோ ஏற்படக்கூடிய செறிவு 2 பி.பி.எம். இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். தரைமட்டக் கசிவில் செறிவானது தூரத்தின் ஏறத்தாழ ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் அடுக்குக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். ஆகவே செறிவு பத்தில் ஒன்றாகக் குறைய, தூரம் சுமார் நான்கு மடங்காக வேண்டும். 600 மீட்டரின் நான்கு மடங்கு 2.4 கிலோமீட்டர். உங்கள் இரண்டு அறிக்கைகளும் ஒரே கசிவைக் கணக்கிட்டு, ஒன்று உயிராபத்துக் கோட்டையும் மற்றது பாதிப்புக் கோட்டையும் வரைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படி இல்லையென்றால், அடுத்ததாகக் கசிவு எங்கே நிகழ்வதாக வைத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் குளோரின் டேங்கினுள் அழுத்தம் ஏறத்தாழ 7.8 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் எட்டு மடங்கு). அதன் அடிப்பகுதியில், அதாவது திரவம் நிற்கும் மட்டத்துக்குக் கீழே, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை விழுந்தால் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் வெளியேறும். அதே ஓட்டை டேங்கின் மேற்பகுதியில், வாயு நிற்கும் இடத்தில் விழுந்தால் நொடிக்கு 200 கிராம்கூட வராது. ஒரே டேங்க், ஒரே ஓட்டை. ஆனால் வெளியேறும் அளவில் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. ஓட்டையின் விட்டத்தை 10 மில்லிமீட்டரிலிருந்து 20 ஆக மாற்றி எழுதினால் அது மேலும் நான்கு மடங்காகிவிடும். பரவலைக் கணக்கிடும் சமன்பாடுகளைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள், கசிவின் அளவைத் தீர்மானிக்கும் இந்த முதல் படியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் கணிப்பில், அறிக்கைகளுக்கு இடையே வரும் முரண்பாடுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மூன்றாவது, வானிலை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இடர் மேலாண்மை விதிகள், மிக மோசமான நிலைக்கான கணக்கில் ஒரு கலனில் உள்ள நச்சுவாயு முழுவதும் 10 நிமிடத்தில் வெளியேறுவதாகவும், காற்று நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் மட்டும் வீசுவதாகவும், வளிமண்டலம் மிகவும் நிலையாக (மேல்கீழாகக் காற்று அதிகம் கலக்காமல்) இருப்பதாகவும் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அதைவிட நடக்க வாய்ப்புள்ள மாற்று நிலைக்கு நொடிக்கு 3 மீட்டர் வேகமும் நடுநிலை வளிமண்டலமும் வழக்கம். ஒரு அறிக்கை முதல் வகையையும் மற்றது இரண்டாவது வகையையும் பின்பற்றினால், ஆரங்கள் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

வாயு வட்டமாகப் பரவுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காற்று வீசும் பக்கத்தில் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கிய ஒரு பட்டையாகத்தான் அது போகும். எந்த நாளில் எந்தத் திசையில் காற்று வீசும் என்று முன்கூட்டியே தெரியாததால், அந்தப் பட்டையை எல்லாத் திசைகளிலும் சுழற்றினால் கிடைப்பதே வரைபடத்தில் உள்ள வட்டம். எல்லைச் செறிவு, ஓட்டையின் அளவும் இடமும், காற்றின் வேகம், நிலைத்தன்மை வகுப்பு (வளிமண்டலம் எவ்வளவு நிலையாக உள்ளது என்பதைக் குறிக்கும், ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து) ஆகிய நான்கையும் முதல் பக்கத்திலேயே தராத அறிக்கையை எழுதியவரிடமே திருப்பி அனுப்பிவிடலாம்.

கேள்வி: மென்பொருள் இல்லாமல் காகிதத்தில் இதைக் கணக்கிட்டுப் பார்க்க முடியுமா? இரவில் ஆபத்து அதிகம் என்கிறார்களே, அதுவும் அந்தக் கணக்கில் தெரியுமா? (வேதிப் பொறியியல் மாணவி)

பதில்: முடியும், ஒரு முறையாவது அப்படிச் செய்து பார்ப்பது நல்லது. காற்றின் அடர்த்திக்கு நெருங்கிய அடர்த்தி கொண்ட கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். தரைமட்டத்தில் நொடிக்கு 1 கிலோகிராம் தொடர்ந்து கசிகிறது, சுற்றிலும் திறந்தவெளி என்று வைத்துக்கொள்வோம். வாயு நடுவில் செறிந்து, ஓரங்களை நோக்கி மணி வடிவில் குறைவதாக வைத்துக்கொள்ளும் காஸியன் மாதிரியின்படி, காற்று வீசும் திசையில் நேர்கோட்டில் உள்ள செறிவைக் காண, கசிவின் அளவை நான்கு எண்களின் பெருக்குத் தொகையால் வகுக்க வேண்டும்: பை (π), காற்றின் வேகம், பக்கவாட்டுப் பரவல், செங்குத்துப் பரவல்.

மேகமற்ற இரவில் காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றால் நிலைத்தன்மை வகுப்பு எஃப், அதாவது மிகவும் நிலையானது. 1 கிலோமீட்டர் தொலைவில் பக்கவாட்டுப் பரவல் சுமார் 38 மீட்டர், செங்குத்துப் பரவல் சுமார் 12 மீட்டர். வகுத்துப் பார்த்தால் கனமீட்டருக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம், அதாவது 300 பி.பி.எம். அளவில் வரும். அதே கசிவு மேகமூட்டமான பகலில், நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நடந்தால் வகுப்பு டி, அதாவது நடுநிலை. பரவல்கள் முறையே 76 மீட்டர், 38 மீட்டர். இப்போது கிடைப்பது 19 பி.பி.எம். ஒரு மணி நேரத்துக்கான பாதிப்பு வரம்பு 83 பி.பி.எம். என்பதால், ஒரே கசிவு இரவில் அந்த வரம்பை மூன்றரை மடங்கு தாண்டுகிறது. பகலில் அதன் கால்வாசியைக்கூட எட்டவில்லை. இந்தப் பதினைந்து மடங்கு வேறுபாட்டில் காற்றின் வேகத்தின் பங்கு இரண்டரை மடங்கு மட்டுமே. மீதி ஆறு மடங்கும் வளிமண்டலத்தின் நிலைத்தன்மையால் வருவது.

காரணம் எளிது. பகலில் வெயிலால் சூடாகும் தரை, தன்னை ஒட்டிய காற்றை மேலே எழுப்பிக் கலக்கிவிடுகிறது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகிவிடுவதால் மேல்கீழ்க் கலப்பு ஏறத்தாழ நின்றுபோகிறது. கசிந்த வாயு தாழ்வாகவே நெடுந்தூரம் போகிறது. 1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் போபாலில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியபோது மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதோடு, நேரமும் வாயு கலைவதற்கு எதிராகவே இருந்தது.

ஏ முதல் எஃப் வரையிலான இந்த வகுப்புகளை 1961-இல் பிரிட்டிஷ் வானிலையாளர் பாஸ்க்வில் முன்வைத்தார். அதற்கு அடித்தளமான அளவீடுகளில் முக்கியமானவை 1956-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலப் புல்வெளியில் கிடைத்தவை. தரையருகே சல்ஃபர் டைஆக்சைடை வெளியிட்டு, 50 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை வில் வடிவில் நிறுத்திய கருவிகளால் செறிவை அளந்தார்கள். நீங்கள் காகிதத்தில் போடும் கணக்கில் அந்தப் புல்வெளி ஒளிந்திருக்கிறது. கட்டடங்களும் குழாய்த் தாங்கிகளும் நெருங்கிய ஆலை வளாகத்துக்குள், கசிவிலிருந்து 100 மீட்டருக்குள், அந்த விடையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் பாதுகாப்புப் பயிற்சியில் அது தரையோடு தவழ்ந்து வரும் என்றார்கள். எது உண்மை? (குளிர்பதனக் கிடங்கு மேற்பார்வையாளர்)

பதில்: அம்மோனியாவை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமே உண்மை. அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17, காற்றினுடையது 29. கொதிநிலையான −33 டிகிரியில் இருக்கும் தூய அம்மோனியா ஆவிகூடச் சாதாரணக் காற்றின் அடர்த்தியில் சுமார் முக்கால் பங்குதான். எனவே குளிர்ச்சி மட்டும் அதைத் தரையில் அமர்த்திவிடாது.

அழுத்தத்தில் திரவமாக வைக்கப்பட்ட அம்மோனியா உடைந்த குழாய் வழியே சீறும்போது நிலைமை மாறுகிறது. 25 டிகிரியில் இருந்த திரவம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்தவுடன் அதில் ஐந்தில் ஒரு பங்கு கண நேரத்தில் ஆவியாகிவிடும். அந்த வேகத்தில் மீதித் திரவம் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறும். பெரும்பாலான துளிகள் தரையில் விழாமல் ஆவியோடு சேர்ந்து மிதக்கின்றன. அவை ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சூழ்ந்துள்ள காற்றிலிருந்தே எடுப்பதால், கலவை −33 டிகிரிக்கும் கீழே குளிர்கிறது. துளிகளின் எடையும் குளிர்ந்த காற்றின் எடையும் சேர்ந்து, மேகம் மொத்தமாகக் காற்றைவிடக் கனமாகிவிடுகிறது. தரையில் கொட்டிய தண்ணீரைப் போலப் பள்ளத்தையும் வடிகாலையும் தேடிப் போகிறது. 1983-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், 'டெசர்ட் டார்ட்டாய்ஸ்' என்று பெயரிட்ட சோதனைகளில் அம்மோனியாவைப் பெருமளவில் வெளியிட்டபோது, மேகம் உயரே எழாமல் தாழ்வாகவும் மிக அகலமாகவும் விரிந்ததைக் கண்டார்கள்.

அதே அம்மோனியா, அழுத்தமில்லாத குளிர்பதன டேங்கில் −33 டிகிரியில் இருந்து அமைதியாகக் கொட்டினால், தரையில் குட்டையாகத் தேங்கி மெதுவாக ஆவியாகும். அந்த ஆவி மேலெழ வாய்ப்பு அதிகம். ஆகவே மென்பொருளில் அம்மோனியா என்று பொருளின் பெயரைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. அழுத்தமும் வெப்பநிலையும் சரியாகக் கொடுக்கப்பட்டால்தான் கனவாயு (காற்றைவிடக் கனமான வாயு) மாதிரி, சாதாரண மாதிரி ஆகிய இரண்டில் எது பொருந்தும் என்பது தீர்மானமாகும். −162 டிகிரியில் திரவமாக்கிய மீத்தேனுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சாதாரண வெப்பத்தில் காற்றைவிட மிக இலேசான அது, கொதித்து வந்தவுடன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமாக இருக்கும்.

கேள்வி: இந்த மாதிரிகள் சரி என்று யார், எப்படிச் சோதித்தார்கள்? விஷவாயுவை வேண்டுமென்றே திறந்துவிட்டுப் பார்க்க முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஆள் நடமாட்டமற்ற இடங்களில் அப்படியே செய்திருக்கிறார்கள். 1980-இல் இங்கிலாந்தின் மேப்ளின் சாண்ட்ஸ் கடலோரத்தில் திரவ மீத்தேனும் புரொப்பேனும் கொட்டப்பட்டன. 1982 முதல் 1984 வரை, அந்நாட்டிலேயே தார்னி தீவில் ஏறத்தாழ 2,000 கனமீட்டர் கனவாயுவை ஒரு பெரிய கூடாரத்தில் நிரப்பி, சுவர்களைச் சட்டென்று விலக்கி, அது சரிந்து விரிவதை அளந்தார்கள். 1986-இல் நெவாடாவில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வெளியிடப்பட்டது. இன்று புழக்கத்தில் உள்ள கனவாயு மாதிரிகளான ஸ்லாப், டெகாடிஸ் போன்றவையும், அமெரிக்க அரசு இலவசமாகத் தரும் அலோஹா மென்பொருளின் கனவாயுப் பகுதியும் இத்தகைய அளவீடுகளோடு ஒப்பிடப்பட்டவை.

எனினும் விபத்துகள் தாமாகவே ஒரு சோதனையை நடத்திவிடுகின்றன. 2005 ஜனவரி 6 அன்று அமெரிக்காவின் கிரானிட்வில் என்ற ஊரில் சரக்கு ரயில் மோதி, ஒரு டேங்க் வேகனில் இருந்து 50 டன்னுக்கு மேல் குளோரின் வெளியேறியது. 9 பேர் இறந்தனர். மிகவும் துயரமான நிகழ்வுதான். ஆனால் அந்த அளவுக் கசிவுக்கு மாதிரிகள் சொல்லும் தூரத்தையும் பாதிப்பையும் வைத்துப் பார்த்தால், நேர்ந்திருக்க வேண்டிய இழப்பு இதைவிடப் பல மடங்கு. எங்கே பிசகுகிறது? ஈரமண், செடிகொடிகள், கட்டடச் சுவர்கள் ஆகியவற்றோடு குளோரின் வினைபுரிந்து குறைந்துபோகிறதா? துளிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தரையில் படிகின்றனவா? மக்கள் வீட்டுக்குள் இருந்தது காத்ததா? இவற்றை ஆராய 2015, 2016 ஆண்டுகளில் யூட்டா மாநிலத்தின் டக்வே சோதனைத் திடலில், 'ஜாக் ராபிட் 2' என்ற பெயரில், ஒரே தடவையில் பல டன் குளோரின் வெளியிடும் சோதனைகள் நடந்தன. முதல் ஆண்டில் கப்பல் சரக்குப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிக் கட்டடங்கள் நிறைந்த ஒரு பகுதியைப் போலவே அமைத்திருந்தார்கள்.

எந்த அளவுக்குப் பொருந்தினால் ஒரு மாதிரியை நல்லது என்கிறார்கள் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். கணித்த செறிவுகளில் பாதியாவது, அளந்த செறிவின் அரை மடங்குக்கும் இரு மடங்குக்கும் இடையில் விழுந்தால் போதும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். ஆகவே 1,237 மீட்டர் என்று கடைசி இலக்கம் வரை எழுதியுள்ள அறிக்கையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை கூடுவதில்லை, குறைகிறது.

கேள்வி: அப்படியானால் ஆலையின் ஒவ்வொரு குழாயையும் முப்பரிமாணத்தில் வரைந்து, காற்றோட்டத்தையே கணினியில் தீர்க்கும் முறையை எல்லா இடத்திலும் பயன்படுத்திவிடலாமே?

பதில்: சில இடங்களில் அது தவிர்க்க முடியாதது, கட்டடங்களுக்கு இடையே சிக்கும் வாயு, மூடிய கம்ப்ரசர் அறை, மேடுபள்ளமான நிலம் ஆகியவை உதாரணங்கள். ஆனால் ஒரு கசிவுக்கு ஒரு காற்றுத் திசையைத் தீர்க்கவே பல மணி நேரமோ நாளோ ஆகலாம். ஒரு ஆலையின் இடர் மதிப்பீட்டுக்கு நூற்றுக்கணக்கான கசிவுகளையும், ஒவ்வொன்றுக்கும் பல வானிலைகளையும் பார்க்க வேண்டியிருக்கும். அதோடு, கட்டங்களை எவ்வளவு நெருக்கமாகப் பிரிப்பது, காற்றின் கொந்தளிப்பை எந்தச் சமன்பாட்டால் குறிப்பது என்ற முடிவுகளை ஆட்கள்தான் எடுக்கிறார்கள்; ஒரே கசிவை இரு குழுக்களிடம் கொடுத்தால் இரு விடைகள் வருவது அரிதில்லை. எளிய மாதிரியில் எல்லாவற்றையும் சலித்துவிட்டு, தேறி நிற்கும் சிலவற்றுக்கு மட்டும் இதைச் செலவிடுவதே விவேகம்.

எளிய மாதிரிகள் கைவிடும் இடம் ஒன்று உண்டு. காற்றே அசையாத நேரம். காற்றின் வேகத்தால் வகுக்கும் சூத்திரத்தில் வேகம் சுழியை நெருங்கினால் விடைக்குப் பொருளில்லை. அலோஹா நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைவான வேகத்தை ஏற்பதே இல்லை. 2005 டிசம்பர் 11 அதிகாலை இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் டேங்க் நிரம்பி வழிந்த பெட்ரோலின் ஆவி, ஏறத்தாழ அசைவற்ற காற்றில், தன் எடையாலேயே நாலாபுறமும் பரவி வெடித்தது.

கேள்வி: எங்கள் குடியிருப்பு ஆலைக்கு அருகில் உள்ளது. அபாயச் சங்கு ஒலித்தால் வீட்டுக்குள் இருப்பதா, வெளியே ஓடுவதா? (பல வாசகர்கள்)

பதில்: உங்கள் பகுதிக்கான அவசரகாலத் திட்டம் சொல்வதே முதன்மை. அந்தத் திட்டங்கள் பலவும் வீட்டுக்குள் இருக்கச் சொல்வதன் காரணத்தை மட்டும் விளக்குகிறேன்.

பல நச்சுவாயுக்களின் பாதிப்பு, செறிவையும் நேரத்தையும் நேராகப் பெருக்கி வருவதில்லை. குளோரினுக்கு உயிராபத்து வரம்பு 10 நிமிடத்துக்கு 50 பி.பி.எம்., 30 நிமிடத்துக்கு 28, 60 நிமிடத்துக்கு 20. செறிவின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 25,000, 23,520, 24,000. மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. செறிவு பாதியானால் தாங்கும் நேரம் நான்கு மடங்காகிறது என்று பொருள். எனவே செறிவின் உச்சத்தைத் தவிர்ப்பதில் கிடைக்கும் பயன் பெரிது.

உள்ளே இருக்கும் காற்று முழுதாக மாற இரண்டு மணி நேரம் ஆகும்படி இறுக்கமாக மூடிய வீட்டை வாயுமேகம் அரை மணி நேரம் சூழ்ந்திருந்தால், அதன் முடிவில்கூட உள்செறிவு வெளிச்செறிவில் 22 சதவீதம்தான். மணிக்கு ஐந்து முறை காற்று மாறும், இடுக்குகள் நிறைந்த வீட்டில் அதே அரை மணியில் 92 சதவீதம் எட்டிவிடும். அங்கே மூடிய கதவு தரும் பாதுகாப்பு முதல் சில நிமிடங்களுக்கு மட்டுமே. இன்னொன்றும் மறக்கப்படுகிறது: மேகம் கடந்த பிறகு, வெளியே காற்று சுத்தமாகி, வீட்டுக்குள்தான் வாயு தங்கியிருக்கும். ஆபத்து நீங்கியதாக அறிவிப்பு வந்தவுடன் எல்லாச் சன்னல்களையும் திறந்து வெளியே வர வேண்டும். அதுவரை வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறிகளையும் குளிரூட்டிகளையும் நிறுத்தி வையுங்கள். கனமான வாயு என்றால் மேல்மாடி நல்லது. வெளியில் மாட்டிக்கொண்டவர்கள் காற்று போகும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும். வாயுப்பட்டை நீளத்தில் கிலோமீட்டர் கணக்கில் இருந்தாலும், அகலம் பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு.

கேள்வி: மீத்தேன் தீப்பற்ற 5 சதவீதம் வேண்டும் என்கிறபோது, பாதுகாப்பு எல்லையை ஏன் 2.5 சதவீதத்தில் வரைகிறார்கள்?

பதில்: மாதிரி தருவது சராசரி. உண்மையான மேகத்தில் செறிந்த திட்டுகளும் நீர்த்த திட்டுகளும் மாறி மாறிக் கடக்கும். சராசரி 2.5 சதவீதமாக உள்ள இடத்தில் 5 சதவீதத்தைத் தாண்டும் திட்டு ஒன்று ஒரு கணம் வரலாம்; தீப்பொறிக்கு அந்தக் கணம் போதும்.

கேள்வி: ஆலை எல்லையில் வைத்துள்ள உணரிகள் தரும் அளவைக் கொண்டு, கசிவு எங்கே என்று கணினி பின்னோக்கிக் கண்டுபிடிக்குமா?

பதில்: கொள்கையளவில் முடியும், பல ஆலைகளில் முயல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அருகிலுள்ள சிறு கசிவும் தொலைவிலுள்ள பெருங்கசிவும் ஒரு உணரியில் ஒரே எண்ணைக் காட்டலாம். காற்றின் குறுக்கே வெவ்வேறு இடங்களில் மூன்று, நான்கு உணரிகள் ஒரே நேரத்தில் வாயுவைக் கண்டால் பட்டையின் அகலம் தெரியும். அகலம் தெரிந்தால் தூரம் தெரியும். தூரம் தெரிந்தால் அளவும் தெரியும். காற்றின் திசை சில டிகிரி மாறும்போது எந்த உணரி முதலில் அடங்குகிறது என்பதும் ஒரு துப்பு. இதற்கெல்லாம் காற்றுமானி சரியான இடத்தில் இருக்க வேண்டும். அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வைத்த காற்றுமானி அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுழலும் காற்றைத்தான் அளக்கும். 10 மீட்டர் உயரக் கம்பத்தில், தடைகளிலிருந்து விலகி அதை நிறுவும் செலவு, உணரிகள் வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான்.